மூன்றெழுத்தின் ஓட்டம்

ஆங்கிலம் என்றதும் நம்மில் பலர் நீண்ட சொற்களைக் கண்டே அஞ்சுகிறோம். ஆனால் நம்மை உண்மையில் திணற வைப்பவை சின்னஞ்சிறு சொற்களே! மூன்றே எழுத்துகளாலான 'ரன்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ரன் என்றால் ஓடு' என்று சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். அந்த ஒரு பொருள் போதுமா?

குழந்தை 'ரன்' செய்தால் ஓடுகிறது. மூக்கு 'ரன்' செய்தால் ஒழுகுகிறது. துவைக்கும்போது புடைவையின் நிறம் 'ரன்' செய்தால் சாயம் போகிறது. ஒருவர் கடையை 'ரன்' செய்தால், கடையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, அதை நடத்துகிறார்! 'ரன் அவுட்' என்றால் கிரிக்கெட்டில் ஒருவர் ஆட்டமிழக்கிறார். சமையலறையிலோ சர்க்கரை தீர்ந்துபோகிறது. நாட்டுக்கு நாடு வழக்கும் மாறுகிறது. தேர்தலில் இங்கிலாந்து வேட்பாளர் நம்மவரைப் போல 'நிற்கிறார்'; அமெரிக்க வேட்பாளரோ 'ஓடுகிறார்'!

ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் 'செட்'. பின்னர் அகராதியைத் திருத்தியபோது 'ரன்' அதனை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள் உண்டு என 2011-இல் செய்தி வந்தது. இச்சொல்லை ஆராய அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தனவாம்!

இத்தனை பொருளையும் எவ்வாறு கற்பது என்று மலைக்க வேண்டாம். நம் தமிழிலும் கடிகாரம் ஓடுகிறது. திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. கவலை வந்தால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிடுகிறார். அவர் காலால் ஓடுவதைச் சொல்லவில்லை என்பது நமக்குத் தானாகவே விளங்குகிறதன்றோ? பக்கத்திலுள்ள சொற்களே பொருளைக் காட்டிவிடுகின்றன.

தாய்மொழியில் தயக்கமின்றிச் செய்வதை ஆங்கிலத்திலும் செய்வோம். சொல்லைத் தனியே பிரித்து மனப்பாடம் செய்யாமல், வாக்கியத்தை முழுவதும் படிப்போம். புதுப் பொருள் ஒன்றைக் கண்டால், அதனை வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். நண்பரைக் கொண்டு ஒருவரை அறியலாம் என்பார்கள். சொல்லையும் அவ்வாறே அறியலாம். பிறகு ஆங்கிலத்தைக் கண்டு நாம் ஓட வேண்டியதில்லை!