சவுண்டு மட்டும் போதுமா ப்ரோ? பழைய டிரக் இன்ஜினுக்கு கேம்ஷாஃப்ட் செலக்ட் பண்ணும் முன் இதைப் படிங்க!

ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய அமெரிக்க பிக்-அப் டிரக் ஒன்று சிக்னலில் நிற்கும். இன்ஜின் 'டப்... டப்டப்... டப்' என்று நொண்டி நொண்டி உறுமும். பானெட்டே குலுங்கும். கமென்ட்டில் எல்லோரும் ஃபயர் விடுவார்கள். அந்தச் சத்தத்துக்குக் காரணம் சைலன்சர் மட்டுமல்ல. இன்ஜினுக்குள் சுற்றும் கேம்ஷாஃப்ட்.

அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு கேம் வாங்கி, கடைசியில் வண்டி முன்பைவிட மந்தமாகிவிட்டதே என்று தலையில் கைவைப்பவர்கள் ஏராளம். குறைந்த பட்ஜெட்டில் இன்ஜின் ரீபில்டு பண்ணுபவர்களுக்கு இந்த ஒரு முடிவு ரொம்ப முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

அது என்ன 350?

உதாரணத்துக்கு செவ்ரோலெட் சி10 டிரக்கையே எடுத்துக்கொள்வோம். 1973 முதல் 1987 வரை வந்த சதுர வடிவ மாடல்களை அமெரிக்காவில் 'ஸ்கொயர் பாடி' என்று கொண்டாடுவார்கள். அதில் பரவலாக இருப்பது 'ஸ்மால் பிளாக் 350' இன்ஜின். நம்ம ஊரு புல்லட் 350-இல் இருப்பது சிசி. இங்கே 350 என்பது கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். 16 புல்லட் இன்ஜின்களை ஒன்றாகச் சேர்த்த அளவு!

வி வடிவத்தில் 8 சிலிண்டர்கள், மொத்தம் 16 வால்வுகள். வி-யின் நடுவில் படுத்திருக்கும் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட்தான் இந்த 16 வால்வுகளையும் ஆட்டிவைக்கிறது. அதில் முட்டை வடிவத்தில் 16 மேடுகள் இருக்கும். அவற்றுக்கு 'லோப்' என்று பெயர். லோப் மேலே வரும்போது லிஃப்டரைத் தள்ளும், லிஃப்டர் புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராடு ராக்கர் ஆர்மைத் தள்ளும், வால்வு திறக்கும். கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இன்ஜின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்வது இந்தக் கம்பிதான்.

மூணு நம்பர் புரிஞ்சா போதும்

கேம் பெட்டியோடு வரும் அட்டையில் எண்களாகக் கொட்டிக் கிடக்கும். பயப்பட வேண்டாம். முதலில் மூன்றைப் பாருங்கள்.

*லிஃப்ட்:* வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது. டிரக் கேம்களில் 0.420 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 10.7 மில்லிமீட்டர் என்பது சாதாரணம்.

*டியூரேஷன்:* வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. இதை கிராங்க் சுற்றும் டிகிரியில் சொல்வார்கள். ஒரே கேமுக்கு ரெண்டு டியூரேஷன் போட்டிருப்பார்கள். லிஃப்டர் 0.050 இன்ச் உயர்ந்த இடத்திலிருந்து அளந்த எண்ணை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள். இன்னொரு எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி அளக்கும்.

*லோப் செபரேஷன்:* இன்டேக் லோபின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோபின் உச்சிக்கும் உள்ள கோணம். இது குறைந்தால் ரெண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நேரம் கூடும். குறைந்த வேகத்தில் எரிந்த புகை திரும்ப உள்ளே போய் புதுக் கலவையோடு கலந்துவிடும். ரீல்ஸில் கேட்ட 'டப்டப்' அதுதான். நீங்கள் ரசித்தது இன்ஜின் திக்கித் திணறும் சத்தம்!

பெரிய கேம், பெரிய பவர்... உண்மையா?

பாதி உண்மை. கிளாசிக் 350 பைக் 27 நியூட்டன் மீட்டர் டார்க்கை 4,000 ஆர்.பி.எம்மிலேயே கொடுத்துவிடுகிறது. 373 சிசி கேடிஎம் 390 டியூக்கின் 37 நியூட்டன் மீட்டர் டார்க் முழுசாகக் கிடைக்க 7,000 வரை முறுக்க வேண்டும். இதற்குப் பல காரணங்கள் உண்டு. வால்வு எப்போது திறந்து எப்போது மூடுகிறது என்பது அதில் முக்கியமானது.

டியூரேஷன் நீண்டால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். அதிக வேகத்தில் இது வரம். காற்று வேகமாக ஓடிவருவதால் கடைசி நொடி வரை சிலிண்டர் நிரம்பும். ஆனால் குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலே ஏறும்போது, உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் வந்த வழியே வெளியே போய்விடும். அழுத்தம் குறையும், இழுவை குறையும். அந்தக் காலத்து டிரக் இன்ஜின்களில் கம்ப்ரஷனே 8-க்கு 1, 8.5-க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். ஏற்கெனவே குறைவான இடத்தில் பெரிய கேமைப் போட்டால், இருந்ததும் போச்சு!

வாங்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. தினமும் எந்த ஆர்.பி.எம்மில் ஓட்டுறீங்க?
3.08 ரியர் கியர், 28 இன்ச் டயர், ஓவர்டிரைவ் இல்லாத கியர்பாக்ஸ். இந்த டிரக் மணிக்கு 60 மைலில் போனால் இன்ஜின் சுமார் 2,200 ஆர்.பி.எம்மில் சுற்றும். 3.73 கியர் என்றால் சுமார் 2,700. 0.050-இல் 230 டிகிரிக்கு மேல் போகும் கேம்கள் பெரும்பாலும் 2,500-ஐத் தாண்டித்தான் கண் விழிக்கும். அதாவது ஹைவேயில் போகும்போதுகூட உங்கள் கேம் தூங்கிக்கொண்டிருக்கும்.

2. கன்வெர்ட்டரும் கியரும் மாத்த காசு இருக்கா?
ஆட்டோமேட்டிக் வண்டியின் ஒரிஜினல் டார்க் கன்வெர்ட்டர் குறைந்த ஆர்.பி.எம்மிலேயே பிடித்துக்கொள்ளும். பெரிய கேமுக்கு அதிக ஆர்.பி.எம்மில் பிடிக்கும் கன்வெர்ட்டர் வேண்டும், ரியர் கியரும் மாற்ற வேண்டும். கேம் மலிவுதான், அது இழுத்துவிடும் செலவு மலிவில்லை.

3. பிரேக் பிடிக்குமா?
சிரிக்காதீங்க, சீரியஸான கேள்வி. பவர் பிரேக்கின் பூஸ்டர் வேலை செய்வது இன்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தில். ஆரோக்கியமான ஸ்டாக் இன்ஜின் ஐடிலில் 16 முதல் 18 இன்ச் வரை வேக்குவம் காட்டும். பெரிய கேமில் அது 10 இன்ச்சுக்குக்கூட இறங்கலாம். பின்னால் லோடு ஏற்றிய டிரக்கில் பிரேக் பெடல் கல் மாதிரி நின்றால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. சிலிண்டர் ஹெட் தாங்குமா?
லிஃப்ட் கூடும்போது வால்வு ஸ்பிரிங்கின் ரிடெய்னர் கீழே இருக்கும் கைடில் இடிக்கலாம். ஸ்டாக் ஹெட்டில் 0.450 இன்ச்சைத் தாண்டும் யோசனை இருந்தால், அளந்து பார்க்காமல் மாட்டவே கூடாது.

அப்போ எதை வாங்கலாம்?

ஸ்டாக் கம்ப்ரஷன், ஸ்டாக் கன்வெர்ட்டர், தினசரி ஓட்டம் என்றால் 0.050-இல் 200 முதல் 214 டிகிரி, லோப் செபரேஷன் 110 முதல் 112. இந்த எல்லைக்குள் நின்றுகொள்ளுங்கள். இன்டேக் 204, எக்ஸாஸ்ட் 214 என்று வரும் கேம் பல வருடங்களாக டிரக்காரர்களின் ஃபேவரிட். எக்ஸாஸ்ட்டுக்கு மட்டும் ஏன் 10 டிகிரி அதிகம்? பழைய ஸ்மால் பிளாக் ஹெட்டில் புகை வெளியேறும் வழி கொஞ்சம் வீக். அதற்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள். ஐடில் கிட்டத்தட்ட ஸ்மூத்தாக இருக்கும், இழுவை கீழிருந்தே கிடைக்கும்.

ஃபிளாட்டா, ரோலரா?

பட்ஜெட் ஆட்களின் சாய்ஸ் பெரும்பாலும் ஃபிளாட் டேப்பெட். இதில் லிஃப்டர் லோப் மேல் நேரடியாக உரசும். ரோலரில் ஒரு சின்னச் சக்கரம் உருளும். தேய்மானம் குறைவு, ஆனால் பழைய பிளாக்கில் பொருத்தத் தேவையான ரோலர் லிஃப்டர் செட்டின் விலை கையைக் கடிக்கும்.

இங்கே ஒரு டிப்ஸ். 1996-இல் அறிமுகமான வோர்டெக் 5700 டிரக் இன்ஜின்களில் கம்பெனியே ரோலர் கேம் போட்டிருக்கிறது. ரீபில்டுக்கு பழைய இன்ஜின் தேடுகிறீர்கள் என்றால் இதைத் தேடலாம். நல்ல நிலையில் இருக்கும் ரோலர் லிஃப்டர்களைத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஃபிளாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. புது கேமுக்குப் புது லிஃப்டர்தான். பழையதைப் போட்டால் லோப் தேய்ந்து, இரும்புத் தூள் ஆயிலில் கலந்து, பேரிங் வரை போய் மொத்த ரீபில்டையும் காலி பண்ணிவிடும்.

உயிர் போகும் முதல் 20 நிமிடம்

ஃபிளாட் கேமின் ஆயுளை முடிவு பண்ணுவது முதல் ஸ்டார்ட்தான். லோப் மேலெல்லாம் கம்பெனி கொடுத்த பேஸ்ட்டைத் தடவுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் துளை வழியாக டிரில் விட்டு ஆயில் பம்ப்பைச் சுற்றி, முதலில் எல்லா இடத்துக்கும் ஆயில் ஏற்றுங்கள். டைமிங், பெட்ரோல், கூலன்ட் எல்லாம் ரெடியா என்று செக் பண்ணுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பேஸ்ட் வழிந்துவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள். 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்முக்குள் கொஞ்சம் ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓடவிடுங்கள். லோபுக்கு ஆயில் கிடைப்பது பெரும்பாலும் கிராங்க் சுழற்சியில் தெறிப்பதால்தான். மெதுவாகச் சுற்றினால் தெறிக்காது. ஆயிலும் முக்கியம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாதுகாக்க, இன்றைய கார் ஆயில்களில் துத்தநாகம் - பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். ஃபிளாட் லிஃப்டருக்குக் கவசமே அதுதான். எனவே, அது அதிகமுள்ள பிரேக்-இன் ஆயிலையே ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. வாங்கும் முன் கம்ப்ரஷன், கியர், கன்வெர்ட்டர், டயர் அளவு, வண்டியின் எடை எல்லாவற்றையும் எழுதி கேம் கம்பெனியிடம் கொடுங்கள். அவர்களே பொருத்தமானதைச் சொல்வார்கள். அப்போதும் ரெண்டு கேமுக்கு நடுவில் மனசு ஊசலாடினால் சின்னதையே எடுங்கள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார்தான். ஆனால் பச்சை விழுந்ததும் வண்டி இழுக்கும், சிவப்பு விழுந்தால் நிற்கும்!