பிட்டோ குழாயும் சூடேற்றியும்

மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு எதிரேயுள்ள வில்லிங்டன் தீவிலிருந்து கடற்படையின் சிறிய டோர்னியர் விமானங்கள் வானில் எழுகின்றன. இத்தகைய விமானத்தின் வெளியே நீண்டிருக்கும் மெல்லிய குழாய் ‘பிட்டோ குழாய்’ எனப்படும். எதிர்வரும் காற்று இதனுள் தரும் அழுத்தத்தைக் கொண்டே வேகமானி வேகத்தைக் காட்டுகிறது.

கொச்சியில் வெயில் காய்ந்தாலும், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் நிலவுகிறது. அங்கே மேகத்துள் புகுந்தால் பனிக்கட்டி குழாயின் வாயை அடைத்துவிடும். வேகமானி பிழையாகக் காட்டும். ஆகவே குளிர்ந்த மேகத்தில் நுழையுமுன்பே விமானி குழாயின் மின்சூடேற்றியை இயக்குதல் வேண்டும். தரையில் நெடுநேரம் இயக்கினாலோ, குழாய் மிகையாகச் சூடேறிப் பழுதுறும்.

2009 ஜூன் 1 அன்று, அட்லாண்டிக் பெருங்கடலின் மேல், ஏர் பிரான்ஸ் பயணிகள் விமானமொன்றின் குழாய்கள் சூட்டையும் மீறி உறைந்தன. விமானிகள் தடுமாறினர், 228 பேர் உயிரிழந்தனர்.

வெள்ளம் வருமுன் அணை போடுதல் விமானிக்கும் பொருந்தும்.