நீளும் இரும்பு

டீசல் எஞ்சினைக் கழற்றி மறுபடி பூட்டும்போது மூன்று இடத்துப் போல்ட்டுகளில் விளையாட்டுக் கூடாது: சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ரொட், மெயின் பேரிங். வெல்லவாயவில் சுமார் 200 மீற்றர் உயரத்தில் புறப்படும் லொறி, கொஸ்லந்தை, பேரகலை வழியாக அப்புத்தளை வந்து சேரும்போது 1,400 மீற்றரைத் தாண்டிவிடுகிறது. முழுப் பாரத்துடன் சின்னக் கியரில் முனகிக்கொண்டு ஏறும் அந்த வழியில், ஹெட் பூட்டியவரின் வேலை வெளுத்துவிடும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பாரைத் தொட்டால், ஹெட்டைத் தூக்கப் பார்க்கும் விசை ஏறத்தாழ 8 தொன்.

அதை அடக்கி வைப்பது போல்ட்டின் தடிப்பு மட்டுமல்ல, அது நீண்டு நிற்பதும்தான். 12 மில்லிமீற்றர் உயர்தரப் போல்ட் ஒன்று 100 மில்லிமீற்றர் கனத்தைப் பிடித்திருந்தால், சரியாக இறுக்கும்போது சுமார் 0.3 மில்லிமீற்றர் நீளும். திரும்பச் சுருங்கத் துடிக்கும் அந்த இழுவையே ஹெட்டை 5 தொன் விசையில் அமுக்குகிறது.

வெலிமடைக் கிழங்கு மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டப் பழைய டியூப்பை அறுத்த ரப்பர் பட்டியைத் தேடுவதும் இதற்காகத்தான். கயிற்றால் கட்டினால், முதல் பள்ளத்தில் மூட்டை சற்று அமுங்கியதுமே கட்டு தளர்ந்துவிடும். இழுத்துக் கட்டிய ரப்பர் மூட்டையோடு சேர்ந்து இறங்கும். குலுக்கலின் பெரும்பகுதி, மூட்டைக்கும் கேரியருக்கும் இடையிலுள்ள அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதிலேயே தீர்ந்துபோவதால் ரப்பருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. நன்றாக இறுக்கிய போல்ட்டும் அப்படியே. ஒவ்வொரு வெடிப்பிலும் அதன் மீது ஏறும் கூடுதல் பாரம் சிறிதுதான். தளர்ந்த போல்ட்டோ ஒவ்வொரு அடியையும் முழுதாக வாங்கி, களைத்து, ஒருநாள் முறியும். அளவு மீறி இழுத்த ரப்பர் பழைய நீளத்துக்குத் திரும்பாது. கேரியர் விளிம்பில் உரசினால் இழுப்பவரின் பலத்தில் பாதி அங்கேயே போய்விடும். போல்ட்டுக்கும் இவை இரண்டும் உண்டு. ஆனால் ரப்பரை நேராக இழுக்கலாம், போல்ட்டை முறுக்கித்தான் இழுக்க வேண்டும். ஒப்புமை அறுவது இங்கேதான்.

முறுக்கும் பலத்தில் சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியிலும், நாற்பது வீதம் மரையிலும் உராய்ந்தே தொலைகிறது. போல்ட்டை நீட்டுவது மிச்சப் பத்து வீதம். மேலே சொன்ன போல்ட்டை உலர்ந்த மரையில் 120 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினால் சுமார் 5 தொன் இழுவை கிடைக்கும். ஒயில் தடவி அதே 120க்கு இறுக்கினால் 6.7 தொன்னை நெருங்கும். அதன் தாங்கும் எல்லையே 7 தொன் அளவில்தான். ஆகவே கையேடு ‘ஒயில் தடவுக’ என்றால் தடவ வேண்டும். சொல்லாத இடத்தில் தடவக் கூடாது. திரையில் எண் மின்னும் விலையுயர்ந்த டோர்க் ரெஞ்சும் முறுக்கைத்தான் அளக்கிறது, இழுவையை அல்ல. அழுக்கு மரைக்கு அதனிடம் மருந்தில்லை.

வரலாறு வேண்டுவோருக்கு: பதுளைக்கு ரயில் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1918இல், நியூயோர்க் நகரின் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்த கொன்ராட் பார், குழாய் போல்ட்டுகள் அளவு மீறி இறுகாதிருக்க டோர்க் ரெஞ்சை உருவாக்கினார். அவ்வளவு போதும்.

உராய்வை ஏமாற்றும் வழி கோண முறை. முதலில் குறைந்த டோர்க்கில் இறுக்கி, போல்ட் தலையில் பெயின்ட் புள்ளி ஒன்று வைத்து, கையேடு சொன்ன பாகையளவு திருப்ப வேண்டும். 1.75 மில்லிமீற்றர் மரை இடைவெளியில் 90 பாகை என்பது 0.44 மில்லிமீற்றர் நகர்வு. மரை உலர்ந்திருந்தாலும் ஒயில் பட்டிருந்தாலும் அது மாறாது. அதில் ஒரு பங்கு ஹெட்டையும் காஸ்கட்டையும் அமுக்கப் போகும், மிச்சம் போல்ட்டை நீட்டும். இந்த முறைக்கான பல போல்ட்டுகள் நிரந்தரமாகச் சற்றே நீளும்வரை இறுக்கப்படுபவை. அவற்றை மறுபடி போடுவது சிக்கனமல்ல.

ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று நான்கு சுற்றுகளில் இறுக்க வேண்டும். அடி மூடிய துளைகளில் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் முதலில் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். திரவம் அமுங்காது, இறங்கும் போல்ட் புளொக்கையே வெடிக்க வைக்கும். கனெக்டிங் ரொட் போல்ட்டின் இரு முனையும் கைக்கு எட்டினால், நீட்சியை மைக்ரோமீற்றரால் நேரடியாகவே அளக்கலாம். எல்லா முறைகளிலும் நம்பத்தக்கது இதுதான்.

பழைய வகைக் காஸ்கட் உள்ள எஞ்சின்கள் பலவற்றுக்கு, ஓடிச் சூடேறிய பின் கையேடு சொல்லும் நிலையில் மறு இறுக்கம் தேவை. கோண முறையில் பூட்டிய ஹெட்டை, கையேடு கேட்டாலன்றி மறுபடி தொடக் கூடாது.