தலைமுடியில் லட்சத்தில் ஒரு பங்கு!

உங்கள் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்குங்கள். வேண்டாம், வேண்டாம், சீப்பில் சிக்கியிருப்பதே போதும். அதன் கனத்தை எண்பதாயிரம் அல்லது ஒரு லட்சம் கூறாகப் போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அதுதான் ஒரு நானோமீட்டர். கணக்காகச் சொன்னால், ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கில் என்னை மாட்டிவிட்டவர் எங்கள் எதிர் வீட்டு மாமி. போன மாதம் ஒரு விற்பனைக்காரர் அவர் வீட்டுக்கு வந்து, குளியலறைச் சுவரில் அடித்தால் கறையே பிடிக்காத 'நானோ' ஸ்பிரே என்று ஒரு டப்பாவைக் காட்டியிருக்கிறார். மாமிக்கு விலை கூடப் பெரிதில்லை. "வீட்டிலே பேரனுக்கு இழுப்பு. இதை அடிக்கலாமா, கூடாதா? நீ காலேஜில் படித்தவனாச்சே, சொல்லேன்" என்றார். காலேஜில் படித்தவன் திருதிருவென்று விழித்தேன். "நாளைக்குச் சொல்கிறேன் மாமி" என்று நழுவினேன். அந்த நாளை வருவதற்குப் பத்து நாள் ஆயிற்று!

முதலில், ஒரு வஸ்து சின்னதாகிவிட்டால் என்ன குடி முழுகிப் போகிறது? கல்கண்டைக் கட்டியாகப் பாலில் போட்டுப் பாருங்கள்; கரைய நேரமாகும். பொடித்துப் போட்டால் நொடியில் கரைந்துவிடும். பொடித்ததும் பாலைத் தொடுகிற பரப்பு பெருகிவிடுகிறது, அவ்வளவுதான். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள சதுரக் கட்டி ஒன்றின் ஆறு முகங்களையும் கூட்டினால் 6 சதுர சென்டிமீட்டர். அதையே பக்கத்துக்கு ஒரு நானோமீட்டர் உள்ள கட்டிகளாக நறுக்க முடிந்தால், மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சுமார் 27 கிரவுண்டு! மனைத் தரகர்கள் யார் காதிலும் இது விழாமல் இருக்கட்டும்.

பரப்பு மட்டுமா? குணமே மாறுகிறது. தங்கம் மஞ்சள் என்பது நமக்குத் தெரியும். அதையே சில பத்து நானோமீட்டர் துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் மாதுளஞ்சாறு போலச் சிவப்பாகத் தெரிகிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் லைகர்கஸ் கிண்ணம் என்று ஒன்று இருக்கிறது. நாலாம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடி வேலை. முன்னாலிருந்து பார்த்தால் பச்சை; பின்னால் விளக்கை வைத்தால் ரத்தச் சிவப்பு! கண்ணாடியில் கலந்திருக்கும் தங்கம், வெள்ளித் துகள்களின் ஜாலம் அது. செய்த கைக்கு 'நானோ' என்ற பெயர் தெரியாது. 'நானோ டெக்னாலஜி' என்ற சொல்லையே 1974-ல்தான் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி வழங்கினார்.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுவதில்லை அல்லவா? அதுவும் இதே ஜாதி விஷயம்தான். ஜெர்மானியத் தாவர நிபுணர் வில்ஹெல்ம் பார்த்லாட் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார்: இலை முழுதும் பொடிப் பொடி மேடுகள், அவற்றின் மேல் அதைவிட நுணுக்கமான மெழுகுக் குழல்கள். துளி அந்த முனைகளின் மேல் நிற்கிறது, அழுக்கையும் சுருட்டிக்கொண்டு உருண்டுவிடுகிறது. காப்பி சிந்தினாலும் கறை பிடிக்காத துணிகள் பல இந்த வித்தையைப் பார்த்துச் செய்தவைதான்.

குடிதண்ணீரில் இதன் உபகாரம் பெரிது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழுவினர் வெள்ளி நானோ துகள்களைக் கொண்டு தண்ணீரிலுள்ள பூச்சிமருந்தை நீக்க வழி கண்டார்கள். மேற்கு வங்கத்து ஆர்சனிக் தண்ணீரைச் சுத்தம் செய்யவும் ஒரு பொருள் செய்தார்கள். அதற்கு 'அம்ரித்' என்று பெயர். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் அதே வெள்ளியைக் காலுறையில் நெய்து, "நாற்றமே வராது" என்று விற்கிறார்களே, அது எத்தனை நாளைக்கு? அமெரிக்காவில் அரிஸோனா பல்கலைக்கழகம் ஒன்றில் சிலர் காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலவற்றில் நாலே அலசலில் வெள்ளி அநேகமாக முழுவதும் போய்விட்டது. காசும் சாக்கடையோடு போயிற்று. வெள்ளி கிருமியைக் கொல்லும்; ஆற்றுக்குப் போனால் அங்குள்ள நல்ல கிருமியையும் விடுமா?

இப்போது மாமியின் கேள்விக்கு வருகிறேன். 2006 மார்ச்சில் ஜெர்மனியில் குளியலறைக்கென்று ஒரு ஸ்பிரே வந்தது. பெயரிலேயே 'நானோ' உண்டு. சில நாட்களில் சுமார் நூறு பேர் இருமல், மூச்சுத் திணறல் என்று விஷ முறிவு நிலையங்களை அழைத்தார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தது. சரக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சோதித்துப் பார்த்தால், உள்ளே நானோ துகளே இல்லை! கையால் அழுத்தும் பழைய டப்பாவில் விற்றபோது புகார் எதுவும் வரவில்லை. வாயு அடைத்த டப்பாவாக மாற்றியதும் திரவம் மெல்லிய புகையாகப் பிரிந்து, மூச்சோடு நெஞ்சுக்குள் போய்விட்டது.

ஆகவே விஷயம் பெயரில் இல்லை; உள்ளே போகும் வழியில் இருக்கிறது. வெயிலுக்குப் பூசும் களிம்பில் துத்தநாக ஆக்ஸைடு நானோ துகளாக இருந்தால், வெள்ளைப் பூச்சாகத் தெரியாமல் முகத்தோடு கலந்துவிடும். காயமில்லாத தோலைத் தாண்டி அது உள்ளே போவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. அதையே காற்றில் தெளித்து முகர்வது வேறு சமாசாரம். ஐரோப்பியச் சரக்கானால், 2013 முதல் அலங்காரப் பொருள்களின் சீட்டில், எந்தப் பொருள் நானோவோ அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்த வார்த்தையைப் போட்டாக வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

மாமியிடம் இதையெல்லாம் சொன்னேன். மறுபடி வந்த விற்பனைக்காரரிடம் அவர் இரண்டே கேள்விகள் கேட்டாராம்: "இதிலே இருக்கிற துகள் என்ன? துணியில் நனைத்துத் துடைக்கிற மாதிரி வருமா?"

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருபது ரூபாய் குறைத்துத் தருகிறேன் அம்மா" என்றாராம்.