பச்சைக்கும் மஞ்சளுக்கும் சண்டை!

உங்க டிராயிங் பாக்ஸைக் கொஞ்சம் திறங்க பாஸ். மஞ்சள், பச்சை, நீலம்னு ஏதாவது ஒரு பென்சில் கிடக்கும். அந்த கலர் எல்லாம் சும்மா அழகுக்குன்னு நினைச்சா, நீங்களும் என்னை மாதிரி ஏமாந்த கோஷ்டிதான்!

இன்ஜினீயரிங் கிராபிக்ஸ்ல நான் அரியர் வெச்சிருக்கிறது தெரிஞ்சதும், டிராஃப்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆன பெரியப்பா பரணில் இருந்து ஒரு தகர டப்பாவை இறக்கித் தந்தார். மூடியில், ரெண்டு குதிரை வீரர்கள் ஈட்டிக்குப் பதிலா பென்சிலால் மோதிக்கிற படம். உள்ளே, 'காஸ்டெல் 9000' பச்சை பென்சில்கள்!

சண்டையை ஆரம்பிச்சது மஞ்சள். இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஹார்ட்மூத் கம்பெனி, 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு மஞ்சள் பென்சிலை இறக்குச்சு. பேர் 'கோஹினூர்'. ஆமா, நம்ம கோல்கொண்டா வைரத்தின் பேரேதான்! (வைரம், கிராஃபைட் ரெண்டுமே கார்பன்... கெமிஸ்ட்ரி மேடம் சந்தோஷப்படுவாங்க!) மொத்தம் 17 கிரேடு. விலையும் கெத்துதான்.

ஜெர்மனியின் ஸ்டைன் ஊர்க்காரங்க சும்மா இருப்பாங்களா? ஃபேபர் குடும்பத்து மாப்பிள்ளை அலெக்ஸாண்டர் பிரபு, 1905-ல் பச்சை பென்சிலை எறக்கினார். அது அவர் இருந்த ராணுவப் படைப்பிரிவின் கலராம்!

பக்கத்து ஊர் நியூரம்பெர்கில் இன்னொரு பங்காளி, நீல பென்சில் ஸ்டெட்லர். இங்கே தகராறு கலர்ல இல்ல, 'யாரு சீனியர்?'ங்கிறதுல! ஃபேபர் ஆரம்பிச்சது 1761. ஸ்டெட்லர் கம்பெனி 1835. ஆனா, ஃப்ரீட்ரிஷ் ஸ்டெட்லர் என்ற பென்சில்காரர் பேர் 1662-லேயே நகரத்து ஆவணத்தில் இருக்கே! நம்ம காலேஜ் ராகிங் பஞ்சாயத்தே தேவலாம்.

செம காமெடி என்னன்னா, மூணு பேரும் நம்பினது ஒரே ஃபார்முலாவை. 1795-ல் பிரான்ஸ் நாட்டு கோன்டே, கிராஃபைட் பொடியில் களிமண் கலந்து சுட்டார். களிமண் கூடினா 2ஹெச், 4ஹெச்னு இறுகும். குறைஞ்சா 2பி, 4பின்னு கறுக்கும். அவ்ளோதான் சீக்ரெட்!

டப்பாவில் ஒரே ஒரு 2ஹெச் மட்டும் சீவாம முழுசா இருந்துச்சு. பழைய பென்சில் சேகரிக்கிறவங்க சீவாததுக்குத்தான் நல்ல விலை கொடுப்பாங்க. வித்துடலாமான்னு கேட்டேன். ''அரியரை க்ளியர் பண்றதுக்குக் கொடுத்தேன், கண்காட்சி வைக்கவா? சீவுடா!''ன்னார் பெரியப்பா. ஷார்ப்னரை நீட்டினா, பிடுங்கி வெச்சுட்டு பிளேடைத் தந்தார்.

ரெண்டு தடவை முனை உடைஞ்சுது. மூணாவது தடவை, ஐசோமெட்ரிக் வியூ போட உட்கார்ந்துட்டேன்.