ஆந்தைக்குப் பெட்டி வைக்கலாம், எட்டிப் பார்ப்பது எப்படி?

அடையாறிலோ மயிலாப்பூரிலோ ராத்திரி பத்து மணிக்கு ஏ.சி. யூனிட்டுக்குப் பின்னாலிருந்து சீறல் சத்தம் கேட்டால், பாம்பு புகுந்துவிட்டது என்றுதான் வீட்டில் முதலில் பதறுவார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை முகத்தோடு மூன்று நான்கு குஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மூத்தது நன்றாக வளர்ந்திருக்கும், கடைசிக் குஞ்சு அதைவிட மிகச் சிறியதாக இருக்கும். எல்லாம் கூகை என்ற ஆந்தையின் ஒரே ஈட்டுக் குஞ்சுகள்தான். கூகை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டையாக இடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் இந்த ஏற்ற இறக்கம். இதைப் படம் பிடித்து ‘அரிய வெளிநாட்டு ஆந்தை சிக்கியது’ என்று செய்தி போடுவதும் உண்டு. கூகை வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. காலங்காலமாக நம் கோபுரங்களிலும் பாழடைந்த மாளிகைகளிலும் குடியிருக்கும் பறவை அது.

தென் சென்னையில் நாம் அடிக்கடி பார்க்கக்கூடிய இன்னொன்று புள்ளி ஆந்தை. மைனாவைவிடக் கொஞ்சம் தடித்தது, மஞ்சள் கண், சாம்பல் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். நம்மைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டி உற்றுப் பார்க்கும். இரண்டுக்கும் ஒரே குறைதான்: தாமாகப் பொந்து குடையத் தெரியாது. பட்டுப்போன கிளையில் விழுந்த ஓட்டை, மரங்கொத்தி விட்டுப்போன பொந்து, ஓட்டு வீட்டின் இறவாணம், மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் பரண் என்று கிடைத்த இடத்தில்தான் முட்டையிடும். தியாகராய நகரில் தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழும்பியபோது அந்தப் பொந்துகளும் போயின. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அப்போது விழுந்த தூங்குமூஞ்சி மரத்துக்குப் பதில் ஒரு கன்றை நட்டுவிடலாம். ஆந்தை நுழையும் அளவுக்கு அதில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மரப்பெட்டி.

இது புதிய யோசனை இல்லை. காவிரிப் படுகையில் வயல் எலியைப் பிடிக்கக் கூகை எவ்வளவு உதவும் என்று மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் 1990களிலேயே ஆராய்ந்தார்கள். டெல்டா விவசாயிகள் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு, ராத்திரி ஆந்தை உட்காரப் பறவைத் தாங்கி அமைப்பது இன்றும் நடக்கிறது. மலேசியாவின் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் பெட்டி வைப்பது பெரிய அளவில் நடந்தது. மேற்கு மலேசியாவில் கூகை அரிதாகவே இருந்தது. 1960களின் பிற்பகுதியில் ஜொகூரில் கூடு கட்டத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் பரவியது. செம்பனையில் எலி ஏராளம், பொந்து மட்டும் இல்லை; ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்று கம்பத்தில் ஏற்றினார்கள்.  ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். இஸ்ரேலில் ஸ்தே எலியாஹு கூட்டுப் பண்ணையில் 1983இல் வைக்கத் தொடங்கிய பெட்டிகள் பிறகு நாடு முழுதும் பரவின, ஜோர்டானும் பாலஸ்தீனமும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டன.

பெட்டி செய்வதைத் தச்சரிடம் சொல்லிவிடலாம். அளவில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கூகைக்கு வாசல் ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். வாசலின் அடிவிளிம்பிலிருந்து பெட்டியின் தரை வரை 45 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும் என்று பிரிட்டனின் கூகை அறக்கட்டளை வலியுறுத்துகிறது. ஆழம் குறைந்தால், இரைக்கு முண்டியடிக்கும் குஞ்சு வெளியே விழும். மூன்றாவது மாடிச் சுவரில் பெட்டி வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. புள்ளி ஆந்தைக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் வாசலே தாராளம். தகரம் வேண்டாம், மே மாத வெயிலில் உள்ளே குஞ்சு வெந்துபோகும். கிழக்கு பார்த்த பெட்டிகளில் சூடு குறைவு என்பது இஸ்ரேல் அனுபவம். ஆனால் சென்னையில் ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாரலாக அடிக்கும். எனவே கிழக்கு பார்த்து வைத்தாலும் வாசலுக்கு மேல் நல்ல சன்ஷேடு வேண்டும். மரத்தில் என்றால் ஆணி அடிக்காமல் பட்டையான நாடாவால் கட்ட வேண்டும்.

பெட்டியை ஏற்றியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் பல முயற்சிகள் வீணாகின்றன. கவனிக்க ஆள் இல்லாத பெட்டி மைனாவுக்கோ தேனீக்கோ புறாவுக்கோ போய்விடும். அது மோசமில்லை. மட்கிய பலகை குஞ்சோடு பெயர்ந்து விழுந்தால்தான் மோசம். ஆகவே, ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒருவராவது இல்லாத இடத்தில் பெட்டி வைக்க வேண்டாம் என்பேன்.

கவனிப்பது என்றால் ஏணி போட்டு ஏறுவது இல்லை. சூரியன் மறையும் நேரத்தில் தள்ளி நின்று அரைமணி நேரம் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். வாசலில் முகம் தெரிகிறதா, எத்தனை பறவை வெளியே போகிறது, இரையோடு எத்தனை முறை திரும்புகிறது, உள்ளே குஞ்சுச் சத்தம் உண்டா? தேதி, நேரம் போட்டு நோட்டில் எழுதினால் போதும். புள்ளி ஆந்தை பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூடு வைக்கும். கூகைக்கு எலி கிடைத்தால் எந்த மாதமும் சரி. உள்ளே பார்க்கவேண்டும் என்றால் இருளில் தெரியும் சிறு கேமராவைப் பெட்டி ஏற்றும்போதே பொருத்திவிட வேண்டும். முட்டை இட்டபின் பெட்டியைத் திறப்பது ஆபத்து. அடைகாக்கும் தாய் மிரண்டு கைவிட்டுப் போய்விடலாம். குஞ்சு பறக்கும் பருவத்தை நெருங்கும்போதும் திறக்கக் கூடாது, மிரண்டு குதித்துவிடும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் அடக்கம். கூடு இருக்கும் தெருவின் பெயரோடு படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதையும் விட்டுவிடுங்கள். நாட்டில் ஆந்தைகளை மாந்திரீகத்துக்காகப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கூட்டைத் தொடாமலே ஆந்தை என்ன சாப்பிட்டது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெட்டிக்குக் கீழே தரையில் கட்டைவிரல் அளவில் கருஞ்சாம்பல் உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிடுவோம். அவை ஆந்தை கக்கியவை. இரையை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் உருட்டித் துப்பிவிடும். கையுறை போட்டு, வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் மெல்லப் பிரித்தால் ரோமத்துக்குள்ளிருந்து முழு மண்டையோடு வரும். முன்பல் இரண்டும் ஆரஞ்சு நிறமாய் உளிபோல் வளைந்து, கடைவாய்ப் பல்லுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இருந்தால் எலி அல்லது பெருச்சாளிக் குட்டி. நீண்டு கூம்பிய மண்டையில் இடைவெளியே இல்லாமல் வெள்ளைக் கூர்ப்பற்கள் இருந்தால் மூஞ்சூறு. பளபளக்கும் வண்டுச் சிறகுத் துண்டுகள் நிறைய இருந்தால் அது புள்ளி ஆந்தையின் உருண்டை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உயிரியல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் பதற வேண்டாம். பகலில் கூகையைக் காக்கை வென்றுவிடும் என்று வள்ளுவர் சொன்னது நம் தெருவில் தினம் நடப்பதுதான், ஆகவே முதல் வேலை காக்கையிடமிருந்து காப்பது. காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். பால், ரொட்டி, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. காயம் இல்லையென்றால் இருட்டியதும் கூட்டருகே உயரமான இடத்தில் கூடையில் வைத்துவிட்டு ஒதுங்கினால் தாய் வந்து இரை ஊட்டும். காயம் இருந்தால், குறிப்பாக மாஞ்சா நூல் சிறகில் சிக்கியிருந்தால், நூலைப் பிடித்து இழுக்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்தாரின் பயத்தையும் பொருட்படுத்த வேண்டும். ஆந்தை அலறினால் சாவு என்று நம்புகிறவர் எதிர்வீட்டில் இருந்தால், அவரிடம் பேசாமல் பெட்டி வைப்பது பறவைக்குத்தான் கேடு. புனே மாவட்டத்தின் பிங்கோரி கிராமத்தில் எலா அறக்கட்டளை 2018 முதல் ஆந்தைத் திருவிழாவே நடத்தி இந்தப் பயத்தைப் போக்க முயல்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எலி மருந்தைத் தவிர்ப்பது. புரோமடயோலோன் போன்ற மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், அந்த எலிதான் ஆந்தைக்கு எளிதில் அகப்படும். இரத்தம் உறையாமல் செய்யும் அந்த விஷம் ஆந்தையின் உடம்பிலும் சேரும். மலேசியாவில் இதே வகையின் வீரியமான மருந்துகளை வைத்த தோட்டங்களில் கூகைகள் குறைந்துபோயின. எனவே பெட்டி ஏற்றுவதற்கு முன்பே குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் மருந்து வைப்பதை நிறுத்தி, எலிப்பொறிக்கு மாற முடிவெடுக்க வேண்டும். குப்பைத் தொட்டிகளை மூடி வைப்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கலாம். சங்கம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வளாகத்தில் பெட்டி வேண்டாம். பழைய மரத்தின் பொந்தை யாரும் சிமென்ட் வைத்து அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.