"ரெண்டே நிமிஷம் சார்!": பாண்டி பஜார் நடைபாதையை விழுங்கும் வண்டிகள்

சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "ரெண்டே நிமிஷம் சார், இதோ வந்துடறேன்!"

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை நடைபாதையில் ஏற்றி ஸ்டாண்டு போடுவார் ஆசாமி. கடைக்குள் போய்விடுவார். அவர் எடுத்த இடத்தில் அடுத்தவர் வந்து நிறுத்துவார். அவருக்கும் ரெண்டே நிமிஷம்தான்! இப்படி ஆளுக்கு ரெண்டு நிமிஷம் சேர்ந்து, நடக்கிற இடம் வண்டி ஸ்டாண்டு ஆகிவிடுகிறது.

நடக்க வந்தவர் என்ன செய்வார்? ரோட்டில் இறங்கி, பஸ்சுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து போகவேண்டியதுதான்.

40 கோடி ரூபாய் நடைபாதை

சர் பிட்டி தியாகராயர் பெயரைத் தாங்கிய ரோடு இது. பனகல் பூங்கா பக்கம் தொடங்கும் இந்தக் கடைவீதியை ஒரு காலத்தில் நடைபாதைக் கடைகள் நிறைத்திருந்தன. வளையல், செருப்பு, ரிப்பன், கைப்பை என்று எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

2013-ம் ஆண்டு அந்தக் கடைக்காரர்கள் எழுப்பப்பட்டார்கள். மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்குப் போகச் சொன்னார்கள். நடப்பவர்களுக்கு வழி வேண்டும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

அதன் பிறகு சீர்மிகு நகரத் திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவழிந்தது. ரோடு குறுகியது, நடைபாதை அகலமானது. உட்கார இருக்கைகள், பார்வையற்றவர் காலால் தடவி நடக்க மேடு வைத்த கற்கள் எல்லாம் வந்தன. 2019 நவம்பர் 13-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார்.

பிழைப்புக்காகத் தரையில் துணி விரித்தவரை எழுப்பிவிட்டு மீட்ட இடம் அது. அந்த இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள் நின்றால், அது யாருக்கு நியாயம்?

கம்பத்தின் நடுவே புகும் ஸ்கூட்டர்

வண்டி ஏறாமல் இருக்க நடைபாதை ஓரத்தில் குட்டைக் கம்பங்கள் நடுவது வழக்கம். கார் நுழையாது, சரி. ஆனால் இடைவெளியில் ஸ்கூட்டர் நுழைந்துவிடும்.

அப்படியானால் கம்பங்களை நெருக்கி நட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்! நெருக்கினால் சக்கர நாற்காலி உள்ளே வர முடியாது. யாருக்காகப் பாதை போட்டார்களோ, அவரே வெளியில் நிற்க நேரும். ஆகவே கம்பம் மட்டும் காவல் காக்காது, ஆள் வேண்டும்.

பார்வையற்றவர் கதை இன்னும் மோசம். மேட்டுக்கல்லை நம்பிக் கம்பை ஊன்றி வருகிறார். அந்தக் கல்லின் மேலேயே ஒரு வண்டி நிற்கிறது. சைலன்சர் சூடு காலில் பட்ட பிறகுதான் அவருக்குத் தெரியும். "ரெண்டே நிமிஷம்" என்றவருக்கு இது தெரியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

நடைபாதையிலோ, பாதசாரிகள் ரோட்டைக் கடக்கும் கோட்டிலோ வண்டி நிறுத்தக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. "பக்கத்தில் போர்டு இல்லையே சார்" என்ற வாதம் எடுபடாது. நடைபாதைக்குத் தனி போர்டு தேவையில்லை.

முன்பெல்லாம் இந்த மாதிரிக் குற்றத்துக்கு 100 ரூபாய் அபராதம். கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதம் அமலுக்கு வந்தது. இப்போது முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் சிக்கினால் 1,500 ரூபாய்.

அபராதத்தோடு முடிவதில்லை. இடைஞ்சலாக நிற்கும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகவும் சட்டத்தில் இடம் உண்டு. தூக்கிப் போன செலவும் வண்டிக்காரர் தலையில்தான்!

2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் பேசியது. நல்ல நடைபாதையில் நடப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று கூறியது.

தில்லியில் 20 ஆயிரம்!

தில்லி சாந்தினி சௌக் கடைவீதியில் ஒருபடி மேலே போனார்கள். செங்கோட்டைப் பக்கமிருந்து பதேபுரி மசூதி வரை, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டி கூடாது என்றார்கள். மீறினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2021-ல் அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகும் வண்டிகள் நுழைகின்றன என்று புகார் வந்துகொண்டுதான் இருந்தது. 20 ஆயிரம் என்று எழுதிவைத்து எப்போதாவது ஒருவரைப் பிடிப்பதைவிட, 500 ரூபாயைத் தினமும் தவறாமல் வாங்குவதற்குத்தான் பயம் அதிகம். "பிடிபடமாட்டோம்" என்ற தைரியம் இருக்கும்வரை எந்தத் தொகையும் வெறும் எழுத்துதான்.

யாரைக் கேட்பது?

பாதையைப் போட்டது மாநகராட்சி. அபராதம் போடுவது போக்குவரத்துப் போலீஸ். பார்க்கிங் கட்டணம் வாங்கும் ஊழியருக்கு அபராதம் போட அதிகாரம் இல்லை. "அது எங்க வேலை இல்லீங்க" என்று அவர் கையை விரித்தால், அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இரண்டு இலாகாவும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்றால்தான் காரியம் நடக்கும்.

"வண்டியை எங்கேதான் விடுவது?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. தணிகாசலம் ரோடு முனையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே 222 கார்களும் 513 இரு சக்கர வண்டிகளும் நிற்கலாம். கொஞ்சம் நடக்கவேண்டும், அவ்வளவுதான். ரெயிலில் வருகிறவருக்குக் கவலையே இல்லை. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது.

வியாபாரிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. சரக்கு இறக்க வண்டி வந்துதானே ஆகவேண்டும்? அதற்குக் கடை திறக்குமுன் நேரம் குறித்துக் கொடுக்கலாம். பார்சல் எடுக்க வரும் இளைஞர்களுக்கும் ஓரமாய் ஒரு இடம் கோடு போட்டுத் தரலாம். இடத்தைக் காட்டிவிட்டு அபராதம் போட்டால் யாரும் வாய் திறக்கமுடியாது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வாசலில் நிற்கும் பத்து ஸ்கூட்டரும் உங்கள் வாடிக்கையாளருடையது என்று எண்ணாதீர்கள். அவற்றைத் தாண்டி உள்ளே வரமுடியாமல் திரும்பிப் போன பெரியவரும், கைக்குழந்தைக்காரியும் உங்கள் வாடிக்கையாளர்தான்!

பாதை அடைபட்டிருந்தால் 1913-க்கு போன் செய்து மாநகராட்சியிடம் புகார் சொல்லலாம். அதற்கும் ரெண்டே நிமிஷம்தான் ஆகும்.